யாரைக் கேட்டு 995 அடித்தாய்? வேலையிடத் தமிழ் முதலாளிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் சிங்கப்பூருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் கம்பி கட்டினேன், அப்புறம் சாரம் கட்டினேன், இப்போது கிரேனுக்கு சிக்னல் காட்டுகிறேன். இது போக இன்னொரு வேலையும் உண்டு. என் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் பச்சைக் கட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சிலுவை ஒட்டியிருக்கும். சைட்டில் யாருக்காவது அடிபட்டால் முதலில் ஓட வேண்டிய ஆள் நான். ஃபர்ஸ்ட் எய்டர். இந்த இரண்டாவது வேலைக்குத் தனிச் சம்பளம் கிடையாது, அந்த ஸ்டிக்கர் மட்டும்தான். சம்பளம் கேட்டு இதை எழுதவில்லை, பயப்படாதீர்கள். அடிபட்டவனுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட 995 எண்ணை அடிப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உங்களில் பலர் எங்களைப் போலவே வந்தவர்கள். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருவாடானை என்று ஏதோ ஓர் ஊரில் வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி, பெர்மிட்டில் வந்து இறங்கி, லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனவர்கள். இன்றைக்கு போர்மேன், சூப்பர்வைசர், சேஃப்டி ஆள். சிலர் பி.ஆர். (நிரந்தரவாசம்) வாங்கி, சொந்தமாக சப்-கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறீர்கள். மனிதவள அமைச்சுக்கு எழுதலாமே என்று ரூமில் ஒருவர் கேட்டார். எழுதலாம்தான். ஆனால் சட்டத்தில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. அது சைட்டுக்குள் வந்ததும் என்ன ஆகிறது என்பதுதான் என் பிரச்சினை. அது உங்கள் கையில் இருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி டீ முடிந்து எல்லோரும் மறுபடி வேலையில் இறங்கிய நேரம். சாரத்தின் மேல்தட்டிலிருந்து ஒரு கிளாம்ப் நழுவி, கீழே பலகை அடுக்கிக்கொண்டிருந்த ஒரத்தநாட்டுத் தம்பியின் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்தது. உட்கார்ந்துவிட்டான். நான் ஓடிப் போவதற்குள் தானே எழுந்து சிரித்தான். "ஒண்ணும் இல்லண்ணே, ஹெல்மெட்டுதான் போச்சு." ஹெல்மெட்டில் காதுக்கு மேலே ஒரு கீறல் ஓடியிருந்தது. தலையில் ரத்தம் இல்லை, வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. நிழலில் உட்காரவைத்துப் பக்கத்திலேயே நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "மணி என்னண்ணே?" என்றான். பத்தே முக்கால் என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுத் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "மணி என்னண்ணே?" அதே குரல், அதே முகம், முதல் தடவை கேட்பவன் மாதிரியே. விளையாடுகிறான் என்றுதான் பக்கத்தில் நின்ற பங்களாதேஷ்காரர் சிரித்தார். மூன்றாவது தடவையும் கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் குடித்த டீ அப்படியே வெளியே வந்தது.

முதலுதவி வகுப்பில் இதை எங்களுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, தூக்கம் தூக்கமாக வருகிறது என்றாலோ அது உள்ளே ரத்தம் கசிவதற்கான அடையாளமாக இருக்கலாம். வெளியே ரத்தம் தெரிய வேண்டியதில்லை. உடனே 995. அவ்வளவுதான் பாடம்.

நான் என்ன செய்தேன்? போர்மேனிடம் சொன்னேன். அவர் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். சூப்பர்வைசர் ஆபீசுக்குப் போட்டார். ஆபீசில் இருந்தவர், வேன் காக்கி புக்கிட் போயிருக்கிறது, வந்ததும் கம்பெனி கிளினிக்குக்குக் கூட்டிப் போகட்டும், ஆம்புலன்ஸ் எல்லாம் வேண்டாம் என்றார். காத்திருந்தோம். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். தூங்காதே தூங்காதே என்று தோளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். பதினொன்று பத்துக்கு, இனி எது வந்தாலும் வரட்டும் என்று நானே 995 அடித்தேன். பாடம் தெரிந்த எனக்கு அதைச் செய்ய இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு நான்தான் பொறுப்பு. யாரும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை, நானேதான் பயந்துகொண்டு நின்றேன்.

ஆம்புலன்ஸ் வந்தது, மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள், மண்டைக்குள் ரத்தக்கசிவு என்று அன்றைக்கு இரவே ஆபரேஷன் ஆனது. பிழைத்துக்கொண்டான். இப்போது ஊரில் இருக்கிறான்.

மறுநாள் காலை கன்டெய்னர் ஆபீசுக்குள் என்னைக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி: "யாரைக் கேட்டுடா போன் அடிச்ச?" இரண்டாவது கேள்வி: "பையன் எப்படி இருக்கான்?" இரண்டையும் அவர்தான் கேட்டார். இரண்டாவதைக் கேட்கும்போது அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன். கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு முந்தின நாள் தேக்காவிலிருந்து எல்லோருக்கும் தன் காசில் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தவர். ஆனாலும் அவர் வாயில் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. அவரிடம் அதே கேள்வியை அதற்கு முன்பே மேலே இருப்பவர் கேட்டிருப்பார். அதுவும் எனக்குப் புரியாமல் இல்லை.

உங்கள் பயம் என்னவென்று பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். ஆம்புலன்ஸ் வந்தால் செலவு, எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு நீளும், அமைச்சு ஆள் வருவார், வேலையை நிறுத்தச் சொல்வார், கம்பெனி மேல் டிமெரிட் என்கிற தண்டனைப் புள்ளி விழும், மெயின்-கான் (முதன்மைக் கான்ட்ராக்டர்) அடுத்த வேலை தரமாட்டான். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உண்மையான அவசரத்துக்கு வரும் 995 ஆம்புலன்ஸுக்குக் குடிமைத் தற்காப்புப் படை காசு வாங்குவதில்லை. அவசரமே இல்லாமல் கூப்பிட்டால்தான் கட்டணம். அப்படிப்பட்டதற்கு 1777 என்று தனி எண்ணே இருக்கிறது, அதில் தனியார் ஆம்புலன்ஸ் காசுக்கு வரும். எம்.சி. விஷயம் இன்னும் எளிது. 2020 செப்டம்பரிலிருந்து, வேலையில் அடிபட்டு ஒரே ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், லைட் டியூட்டி, அதாவது இலகுவான வேலை மட்டும் என்று எழுதினாலும் அமைச்சிடம் தெரிவித்தாக வேண்டும். முன்பு மூன்று நாளைத் தாண்டினால்தான் என்று ஒரு கணக்கு இருந்தது, அதை மனதில் வைத்துக்கொண்டு இன்னமும் சில பேர் கிளினிக்கில் பேரம் பேசுகிறார்கள். வேனில் ஏற்றிக் கொண்டு போனாலும் ஆம்புலன்ஸில் போனாலும் அந்தத் தகவல் ஒன்றுதான். வித்தியாசம் அடிபட்டவனுக்கு மட்டும்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலை வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, ஃபர்ஸ்ட் எய்டரை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள்: "இவன் 995 அடிக்கணும்னா என்னைக்கூட கேக்க வேண்டாம். அடிச்சதுக்கு அப்புறம் சொன்னா போதும். தப்பாவே அடிச்சிருந்தாலும் நான் திட்டமாட்டேன்." தமிழில் சொல்லுங்கள், பெங்காலி தெரிந்தவரை விட்டு அதிலும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்குவதெல்லாம் எங்களுக்குப் பழகிப் போனது, அதை யாரும் நம்புவதில்லை. முதலாளி வாயால் சொன்னால் நம்புவோம்.

"யாரைக் கேட்டு அடித்தாய்" என்ற கேள்வி பழக்கமாகிப் போனதால் என்ன நடக்கிறது என்றால், நல்ல பசங்க யாரும் இந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளச் சம்மதிப்பதில்லை. "எதுக்குண்ணே வம்பு" என்கிறார்கள். கடைசியில் மறுக்கத் தெரியாத ஒருவன் தலையில் கட்டுகிறீர்கள். எங்கள் பசங்களுக்கு மனசு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி ரிவர் வேலி சாலையில் கடைவீடு தீப்பிடித்தபோது, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள்தான் சாரத்தையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு ஓடி, மாடி விளிம்பில் நின்ற பிள்ளைகளைக் கீழே இறக்கினார்கள். அதே வருடம் ஜூலை 26, தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று பெரிய பள்ளம் விழுந்து, காரோடு ஒரு பெண் உள்ளே போனார். பக்கத்து வேலையிடத்தில் இருந்த ஏழு பேர் கயிற்றைப் போட்டு அவரை மேலே இழுத்தார்கள். அவர்களைத் தலைமை தாங்கிய போர்மேன் நம் ஆள். அமைச்சு நாணயம் கொடுத்துப் பாராட்டியது, அதிபர் மாளிகையான இஸ்தானாவுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் டார்மிட்டரியில் அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் இல்லை. தெருவில் போகிறவருக்கு உதவினால் இஸ்தானா, சொந்த சைட்டில் போன் அடித்தால் கன்டெய்னர் ஆபீஸ் என்று என் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கயிற்றைக் கவனியுங்கள். குழிக்குள் குதிக்காமல் கயிறு போட்டார்கள் பாருங்கள், அதுதான் முதலுதவியில் முதல் பாடம். அடிபட்டவரிடம் ஓடுவதற்கு முன்னால் இடத்தைப் பார். மேலே ஏதாவது தொங்குகிறதா, கரண்டு ஓடுகிறதா, வாயு இருக்கிறதா. எங்கள் ஊரில் கிணற்றில் விஷவாயு அடித்து ஒருவர் விழுந்தால், அண்ணன் இறங்குவார், அவரைத் தேடித் தம்பி இறங்குவார். சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்த கதை. இங்கேயும் மேன்ஹோல், தொட்டி, கப்பலின் டேங்க் எல்லாம் அதே கிணறுதான். 2024 மே மாதம் சுவா சூ காங் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார், இன்னும் இருவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த வாயுவுக்கு அழுகின முட்டை வாடை என்பார்கள். அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போய்விடும், அதுதான் அதில் ஆபத்து. இப்படி ஓர் இடத்தில் ஃபர்ஸ்ட் எய்டரின் வேலை, இறங்கத் துடிக்கிற நாலு பேரைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்துவது. கூட்டாளி உள்ளே கிடக்கும்போது அதைச் செய்வது லேசான காரியம் இல்லை. போர்மேன் குரல் கொடுத்தால்தான் நிற்பார்கள். அந்த நேரத்தில் எங்களுக்கு உங்கள் அதிகாரம் தேவைப்படுகிறது.

இன்னொரு பாதி வேலை, செய்யாதே என்று சொல்வது. சைட்டில் எதற்கெடுத்தாலும் கோடாலித் தைலம். தலைவலிக்கு, வயிற்றுவலிக்கு, சுளுக்குக்கு, மயக்கத்துக்கு. எனக்கும் பிடிக்கும், பையில் ஒன்று எப்போதும் இருக்கும். ஆனால் கண்ணுக்குப் பக்கத்திலும் வெந்த புண்ணிலும் தேய்க்க வந்த ஆளைப் பார்த்திருக்கிறேன். வலிப்பு வந்தால் உடனே எவனாவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பான். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று என் பாட்டியும் சொல்வார். இன்னொருவன் பல்லுக்கிடையே ஸ்பூனை விடப் பார்ப்பான். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கை காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. சுற்றி இருக்கும் கூர்மையான சாமானைத் தள்ளிவிட்டு, தலைக்கு அடியில் துணி வைத்து, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மிகவும் ஆபத்து. நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மயங்கினவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது, சினிமாவில் மாதிரி சோடா உடைத்து மூஞ்சியில் அடிப்பது, எதுவும் வேண்டாம். உடம்பில் குத்தி நிற்கும் கம்பியை உருவக் கூடாது, அது அடைத்துக்கொண்டிருப்பதால்தான் ரத்தம் நிற்கிறது. விரல் துண்டாகிவிட்டால் அதை நேராக ஐஸில் போடக் கூடாது. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். சிமெண்டு தண்ணீர் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும். இந்தக் கால் மணி நேரத்தில்தான் போர்மேன் வந்து "போதும்டா, கான்கிரீட் லாரி நிக்குது" என்பார்.

மாத்திரை கேட்டும் வருவார்கள். "அண்ணே ஒரு பனடால்." என்னிடம் இல்லை. முதலுதவிப் பெட்டியில் இருக்க வேண்டியது பஞ்சு, கட்டுத்துணி, முக்கோணத் துணி, கத்தரிக்கோல், கையுறை, டார்ச் மாதிரிச் சாமான்கள். மாத்திரை கொடுக்க நான் டாக்டர் இல்லை, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை. அந்தப் பெட்டியைப் பற்றி உங்களிடம் ஒரு கோபம் எனக்கும் உண்டு. பிளாஸ்டர் திருடு போகிறது என்று அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஸ்டோர்கீப்பரிடம் கொடுத்த ஒரு சைட்டில் நான் வேலை பார்த்தேன். ஸ்டோர்கீப்பர் மதியம் சாப்பிட வெளியே போவார். ஒரு பெட்டி பிளாஸ்டர் இரண்டு மூன்று வெள்ளி. திருடிக்கொண்டு போகட்டும் விடுங்கள்.

இன்னொன்று, கேட். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்றைக்கு 995-இல் பேசிய பெண் முதலில் கேட்டது இடம். எனக்கு சைட்டின் பெயர் தெரியும், சாலையின் பெயர் தெரியாது! தினமும் லாரியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள், லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், எனக்கு எதற்குச் சாலைப் பெயர்? ஓடிப் போய் காவலாளி மேசையில் கிடந்த கான்கிரீட் டெலிவரி ரசீதைப் பார்த்துப் படித்தேன். பெரிய சைட்டுக்கு மூன்று கேட் இருக்கும், ஆம்புலன்ஸ் ஒன்றில் வந்து நிற்கும், அடிபட்டவன் இன்னொன்றின் பக்கம் கிடப்பான். பதினெட்டாவது மாடி என்றால், ஆளையும் சாமானையும் ஏற்றும் ஹாயிஸ்டில் பலகை ஏறிக்கொண்டிருக்கும். ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் கேட்டுக்கு வந்துவிடும், கேட்டிலிருந்து ஆளிடம் போய்ச் சேர இன்னொரு பத்து நிமிடம் ஆகும். அதனால் எந்த கேட், யார் வெளியே போய் நின்று கை காட்டுவது, ஹாயிஸ்டை யார் காலி செய்து கீழே பிடித்து வைப்பது என்று முன்கூட்டியே ஆள் சொல்லி வையுங்கள். சைட் முகவரியைத் தமிழ் எழுத்திலும் பெரிதாக எழுதி ஒவ்வொரு மாடியிலும் ஒட்டுங்கள். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியில் இருந்து 995 கூப்பிட்டால் நாம் நிற்கும் இடமும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். நின்றுபோன இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி பக்கத்தில் எங்கே இருக்கிறது என்றும் அது காட்டும். வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டு புளோக்குகளில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்று 2015-இலிருந்து லிஃப்ட் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்கள். உங்கள் சைட்டில் ஏஇடி இல்லை என்றாலும் வேலிக்கு அந்தப் பக்கத்து புளோக்கில் இருக்கலாம். ஓடிப் போய் எடுத்துவர ஒருவனுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு நிமிடக் கணக்கு பேசுகிறேன் என்றால், இதயம் நின்றுபோன ஆளுக்கு, எதுவும் செய்யாமல் விடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழிலிருந்து பத்து சதவீதம் குறைகிறது. பத்து நிமிடம் என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த இடைவெளியில் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஆழம். வகுப்பில் பொம்மையின் மேல் செய்தபோது, கம்பி கட்டின கை இது, நமக்கு என்ன என்று நினைத்தேன். இரண்டாவது நிமிடத்தில் தோள் நடுங்க ஆரம்பித்தது. ஒருவரால் முடியாது, மாற்றி மாற்றிச் செய்ய இன்னொருவர் வேண்டும். அதனால்தான் ஒரே ஒரு ஃபர்ஸ்ட் எய்டர் போதும் என்று நீங்கள் சொல்லும்போது எனக்குப் பொறுப்பதில்லை.

சட்டம் 25 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் முதலுதவியாளர் கட்டாயம் என்கிறது. நூறைத் தாண்டினால் நூறு பேருக்கு ஒருவர், மிச்சம் மீதி இருந்தால் அதற்கும் ஒருவர். ஷிப்ட் இருந்தால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனியாக. போர்டில் எழுதும்போது இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வரும். ஒரு சைட்டில் போர்டில் நான்கு பெயர் இருந்தது. ஒருவர் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய் எட்டு மாதம், ஒருவர் வேறு சைட்டுக்கு மாறிவிட்டார், ஒருவர் ஆபீஸ் கிளார்க், ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். மிச்சம் நான். இரவு கான்கிரீட் ஊற்றும்போது யாரும் இல்லை. போட்டோவோடு லேமினேட் செய்து அழகாகத்தான் மாட்டியிருந்தார்கள்.

நான் சிக்னல்மேன் என்றேனே, அதிலும் ஒரு சிக்கல். கிரேன் தூக்கிய சாமான் காற்றில் நிற்கும்போது கீழே ஒருவன் அடிபட்டால் நான் எங்கே ஓடுவது? தூக்குவதை நிறுத்தி இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாத வேலையில் இருப்பவனை ஃபர்ஸ்ட் எய்டராகப் போடாதீர்கள். இதை நானே என் ஆபீசில் சொன்னேன். "வேற எவன்டா கோர்ஸ் போயிருக்கான்?" என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம். 2023 அக்டோபரில் இருந்து சைட்டில் மணிக்கு ஒரு தடவை வெப்ப அளவு பார்க்க வேண்டும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி மீட்டர் 32 டிகிரியைத் தொட்டால் கடின வேலை செய்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு, 33 என்றால் பதினைந்து நிமிடம். புதிதாக வந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கூட்ட வேண்டும். "நான் ராம்நாட்டு வெயில்ல வளந்தவன்ணே" என்று மார்தட்டுகிற பையன்தான் முதல் வாரத்தில் விழுகிறான். ஊர் வெயிலில் வியர்வை காயும், இங்கே காயாது. இங்கே காற்றே ஈரம். அவன் உளற ஆரம்பித்தாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெறும் மயக்கம் இல்லை. 995 அடித்துவிட்டு, நிழலுக்கு இழுத்து, சட்டையைத் தளர்த்தி, தண்ணீரைக் கொட்டி, அட்டையால் விசிறி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைக்க வேண்டும். ஐஸ் இருந்தால். உங்கள் சைட்டில் ஐஸ் எங்கே கிடைக்கும் என்று இப்போதே யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், இது உங்களுக்கும் எங்களுக்கும் சேர்த்து. யாராவது விழுந்தால் பத்துப் பேர் போனை எடுக்கிறார்கள், 995-க்கு இல்லை, படம் பிடிக்க. ஒரத்தநாட்டுத் தம்பி ஆம்புலன்ஸில் ஏறுவதற்குள் அவன் படம் வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போய்விட்டது. கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போன் போனது சாயங்காலம். அதற்குள் அவன் அம்மாவுக்கு, மகன் செத்துவிட்டான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆறு மணி நேரம் அந்த வீட்டில் ஒப்பாரி. அடிபட்டவனின் மானத்தைக் காப்பதும் ஃபர்ஸ்ட் எய்டரின் பொறுப்புதான். நான் இப்போதெல்லாம் இரண்டு பேரை எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, அவர்கள் கையில் தார்ப்பாயைப் பிடிக்கக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது, வீட்டுக்குச் சீக்கிரம் போன் போடுவது. தமிழ் பேசத் தெரிந்த ஒருவர், நிதானமாக, என்ன நடந்தது, எந்த மருத்துவமனை என்று சொன்னால் போதும்.

ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் நான் கொடுத்தது ஒரு சிமெண்டு மூட்டைக் காகிதத் துண்டு. அடிபட்டது பத்தரை, மணி கேட்டது பத்தே முக்கால், வாந்தி, கண் மூடியது என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தேன். தமிழில் எழுதிவிட்டேன், அவசரத்தில் அதுதான் வந்தது. வந்த மலாய்க்கார அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எண்களை மட்டும் படித்து, தலையாட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது எண்களோடு நாலு ஆங்கிலச் சொல்லும் எழுதப் பழகியிருக்கிறேன்.

என் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். வரும் மார்ச் மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் வகுப்பை ஞாயிற்றுக்கிழமை என் லீவில் போட்டுவிடாமல் வேலை நாளில் அனுப்பச் சொல்லி, கூட இன்னும் இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பச் சொல்லி ஆபீசில் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்று சொன்னார்கள். மூன்று வாரம் ஆகிறது.

இப்படிக்கு,
ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய ஒருவன்